கங்காணி அணிலும் அம்மாவின் வலது கையும்

அன்புள்ள பாப்பா,

என் கையெழுத்தைப் பார்த்து முதலில் சிரித்துவிடு, அப்புறம் படி. சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தால் உனக்குத்தான் கஷ்டம். பென்சிலால் எழுதுகிறேன். அழித்து அழித்துத் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. கோடு போட்ட தாள்தான், இருந்தும் என் வரிகள் கோட்டின்மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. எல்லாம் இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் எங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர் என் தாளைத் தூக்கிப் பார்த்து, "ஐயா, உங்க எழுத்தெல்லாம் எங்க இறங்கிப் போவுது, ஆத்துக்குக் குளிக்கவா?" என்றார். வாழ்நாளெல்லாம் ரப்பர்ப் பால் மரத்தில் அப்படித்தான் கோடு இழுத்தேன் டீச்சர், பால் வழிந்து கோப்பைக்கு வரவேண்டும் அல்லவா, என் கைக்கு வேறு கோடு தெரியாது என்றேன். "அப்ப சரி, தாளுக்குக் கீழ ஒரு கோப்பையக் கட்டிடுங்க, எழுத்து வந்து விழட்டும்லா," என்றார். மண்டபமே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தேன்.

எழுதத் தெரிந்த பிறகு உலகம் கொஞ்சம் கூட்டமாகிவிட்டது பாப்பா. சிலிபினில் இத்தனை வருஷம் நடந்த தெருவிலேயே இப்போது நடக்க நேரமாகிறது. மளிகைக் கடைப் பலகை, கோயில் மதில், பால் டின், ஊதுவத்திப் பெட்டி, எல்லாம் என்னைக் கூப்பிட்டு நிறுத்துகின்றன. எழுத்தில் எனக்குப் பிடித்தது ‘ஞ’. கிளையில் உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கும் குருவி மாதிரி இருக்கிறது. அதை எழுத இடம் கிடைக்காதா என்று ஞாயிறைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் உன் ரிப்போர்ட் கார்டுக்கு நான் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பேன், நினைவிருக்கிறதா? வைத்ததும் மை கலையக்கூடாது என்று நீ அதை வாயருகே பிடித்து மெதுவாக ஊதுவாய். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் கையெழுத்துப் போடும்போது உன் அப்பா விரலை வைக்கிறாரே என்று நீ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஊதிக் காயவைத்துப் பத்திரமாகப் பைக்குள் வைப்பாய். இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் நானும் ஊதிக்கொள்கிறேன். பென்சில் எழுத்துக்கு ஊதத் தேவையில்லை என்று தெரியும். இருந்தாலும் ஊதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை போனில் பேசியபோது நீ வேலையை விட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னாய். மாப்பிள்ளை அங்கே பெர்த்தில் தனியாகச் சமாளித்துக்கொள்வார், நான் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் கை எப்போது சரியாகுமோ அதுவரை இருக்கிறேன் என்றாய். வேண்டாம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அப்பா எதையோ மறைக்கிறார் என்பாய். பதில் சொல்லக் கொஞ்ச நாள் கொடு என்று கேட்டேன். வாயால் சொல்வதைவிட எழுதிச் சொன்னால் என் பேச்சுக்கு ஒரு எடை வரும் என்று தோன்றியது. அதனால்தான் இத்தனை பாடு.

அம்மா வீடியோவில் பேசும்போது வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வதை நீ கவனித்திருப்பாய். ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. கோலை ஊன்றிக் குளியலறைக்குப் போய்வருகிறாள். பேச்சும் தடுக்கித் தடுக்கி வந்தது. கை மட்டும் மடியில் கிடந்தது, யாரோ கொடுத்து வைத்த பொருள் மாதிரி. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, இதைப் பிடித்துப் பிடித்து விடணும், இல்லாட்டி விரல் அப்படியே இறுகிப்போகும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பந்தை இடது கையால் எடுத்து நாற்காலிக்குக் கீழே உருட்டிவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் உருட்டினாள். "ஏம்மா?" என்றேன். ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடிவிட்டு, "காலம் பூரா… ரப்பரோட மல்லுக்கட்டியாச்சு," என்றாள். "இனிமே… ரப்பரப் புடிக்க… சொல்லாதீங்க."

பீடோர்ப் பக்கத்து எஸ்டேட்டில் அவள் வெட்டாத மரமா? விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்காமல் இன்னொரு தப்பும் செய்தேன். அவளுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நானே செய்ய ஆரம்பித்தேன். தலை வாரினேன், சோறு ஊட்டினேன், டம்ளரை வாயருகே பிடித்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னை மெச்சினார்கள். எனக்கும் அது இனித்தது. அவள் கைக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் நானே பிடுங்கிக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை. பிரியத்தில் இப்படி ஒரு தப்பு நடக்கும் பாப்பா. நீ வேலையை விட்டுவிட்டு வந்தாலும் இதையேதான் செய்வாய், என்னைவிட நன்றாகச் செய்வாய்.

குருவிகள் வந்தது தற்செயலாக. அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய சோற்றை ஒருநாள் காலையில் வாசல் மதில்மேல் கொட்டிவிட்டு உள்ளே வந்தேன். நம் வீட்டுக் காலைகள் உனக்குத் தெரியும். மலைகள் பனிக்குள் பாதி நின்றுகொண்டிருக்கும், மேலே பாதி எங்கே போனது என்று தெரியாது. வெயில் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அந்த வெளிச்சத்தில் முதலில் ஒரு புறா இறங்கியது. கழுத்தில் புள்ளிச் சால்வை போட்ட புறா. பிறகு இரண்டு மைனா. பிறகு வாலடியில் மஞ்சள் பூசிய கொண்டைக்குருவி ஒன்று டெலிபோன் கம்பியில் உட்கார்ந்து, இறங்கலாமா என்று எட்டி எட்டிப் பார்த்தது. நான் தற்செயலாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடியே கிடப்பவள், கிரில் கதவு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவி இந்தப் பக்கம் நகர்ந்தால் கண் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம். அவள் கண் ஒன்றைப் பின்தொடர்ந்து பார்த்து எத்தனை நாளாகியிருந்தது!

அன்றிலிருந்து தினமும் மதில்மேல் ஒரு தட்டில் சோறு வைத்தேன். கொண்டைக்குருவிக்காகப் பழுத்த பப்பாளியும் வெட்டி வைத்தேன். காலையில் எழுந்ததும் அம்மா கோலை ஊன்றிக்கொண்டு தானே வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். சில நாள் அந்தப் பனிக்குள் நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். குருவிகள் வருவதும் போவதும், சிறகு அடிக்கும் சத்தமும், கனவில் யாரோ தாளைத் திருப்புவது போல இருக்கும். உனக்கும் எனக்கும் கடிகாரத்தில் ஒரே மணிதான் என்று சொல்வாயே, அதை நினைத்துக்கொள்வேன். இங்கே குருவி வரும் நேரம் நீயும் அங்கே காப்பி கலக்கிக்கொண்டிருப்பாய்.

அப்புறம்தான் அந்த அணில் வந்தது. எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்திலிருந்து கம்பி வழியாக நடந்து, மதிலில் குதித்து, தட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. நல்ல கொழுத்த அணில், வயிறு செங்கல் நிறம். குருவிகள் எல்லாம் பறந்துவிட்டன. அது அவசரப்படாமல் பப்பாளியை முகர்ந்தது, சோற்றைக் கிளறியது, பிடிக்காததைத் தள்ளிவிட்டது, பிடித்ததை இரண்டு கையாலும் எடுத்துத் தின்றுவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "கங்காணி," என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. "கங்காணி வந்துட்டான்," என்றாள் மறுபடியும். எஸ்டேட்டில் நம் மர வரிசைக்கு, நிரைக்கு வந்து, ஒன்றும் செய்யாமல் எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டுப் போகும் கங்காணி அப்படியேதான் இருப்பார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் உதட்டின் ஒரு பக்கமும் சிரித்தது. ஆனால் கங்காணி தினமும் வர ஆரம்பித்தது. அது வந்தால் குருவி வராது. குருவி வராவிட்டால் அம்மா நாற்காலியை உள்பக்கம் திருப்பச் சொல்வாள். மறுபடியும் கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அதனால் குருவி மட்டும் தின்னக்கூடியதாக ஒன்றைச் செய்வது என்று முடிவு செய்தேன். வாசலில் ஒரு தண்ணீர்க் குழாயை நட்டேன். உச்சியில் ஒரு பலகை. அதன் விளிம்பில், எஸ்டேட்டிலிருந்து நான் கொண்டுவந்து பூச்செடி வைத்திருந்த பழைய பால் கோப்பைகளைக் கம்பியோடு கட்டித் தொங்கவிட்டேன். வழுக்கும் இரும்புக் குழாயில் அணில் எப்படி ஏறும் என்று எனக்கு ஒரு திமிர். கங்காணி படியேறுவது போல ஏறியது. எதிர்வீட்டு ஆ சோங்கை உனக்குத் தெரியுமே, லகாட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், அவர் வாசலில் சிகரெட்டோடு நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, எண்ணெய் பூசுலா! மினியாக், மினியாக்!" என்று கத்தினார். எனக்கும் அது சரி என்று பட்டது. வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். நம் வீட்டில் எதற்குத்தான் தேங்காய் எண்ணெய் இல்லை, தலைக்கும் அதுதான், காலுக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். குழாய் முழுக்கத் தாராளமாகப் பூசினேன்.

மறுநாள் காலையில் கங்காணி குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. கீழிருந்து மேல்வரை சுத்தமாக நக்கி முடித்துவிட்டு, மேலே ஏறிப் பப்பாளியும் தின்றது. அதற்கு மறுநாள் கூட ஒரு அணிலையும் அழைத்துவந்தது. ஆ சோங் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. "அண்ணே! தூப்பாய் லாகி பண்டாய்லா!" என்றார். அணில் உன்னைவிடக் கெட்டிக்காரன் என்று மலாயில் சொல்கிறார். "தேங்கா எண்ணெய்னு நான் சொன்னேனா? கிரீஸ்லா அண்ணே, கிரீஸ்!" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "அதுக்குத் தலையும் வாரி விடுங்க." கேட்டாயா பாப்பா? ஒரு முழு வரி. தடுக்கலே இல்லாமல்.

கிரீஸ் பூச மனம் வரவில்லை, குருவி சிறகில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆவது? அடுத்து எனக்கு நம் தொழிலிலிருந்தே ஒரு யோசனை வந்தது. மழைக்காலத்தில் வெட்டுப் பட்டை நனையாமல் இருக்க மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டுவோம் அல்லவா, அதேபோல ஆ சோங்கிடம் ஒரு தகரத்தை வாங்கிக் குடையாக வளைத்து, குழாயின் நடுவில் கட்டினேன். கங்காணி ஏறிவந்தது, குடைக்கு அடியில் தலை முட்டியது, இறங்கியது, மறுபக்கம் ஏறியது, மறுபடியும் முட்டியது. ஒரு காலை முழுவதும் எனக்கு ராஜா மாதிரி இருந்தது. மத்தியானம் அது வாசல் கூரையில் ஏறி, அங்கிருந்து ஒரே தாவலில் பலகைமேல் இறங்கிவிட்டது. நான் கீழே இருந்து வரும் திருடனுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கிறேன்.

கடைசியாகச் செய்ததுதான் பெரிய வேலை. குழாயைப் பிடுங்கிவிட்டு, வாசல் தூணுக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு கம்பி இழுத்துக் கட்டினேன். கட்டுவதற்குமுன் தண்ணீர் பாட்டில்களின் அடியில் துளை போட்டு, மாலை கோப்பது மாதிரி அந்தக் கம்பியில் கோத்தேன். நடுவில் கோப்பைகள் தொங்கும். பாட்டிலில் கால் வைத்தால் அது உருளும், நிற்க முடியாது. அம்மா நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி தூண் வழியாக வந்தது. கம்பியில் நான்கு காலும் வைத்து நடந்தது. முதல் பாட்டிலில் முன்கால் வைத்தது, அது உருண்டது, பின்காலும் பாட்டிலுக்கு வந்தது, ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாகி, சிமெண்டுத் தரையில் பொத்தென்று விழுந்தது.

அந்த நேரம் நான் அணிலைப் பார்க்கவில்லை பாப்பா. ஏதோ ஒன்று என்னை அம்மா பக்கம் திரும்ப வைத்தது. "ஐயோ" என்று முன்னால் சாய்ந்திருந்தாள். இரண்டு கையும் நீண்டிருந்தன. இரண்டும். மடியில் கிடந்த அந்த வலது கை, விரல்கள் பாதி விரிந்து, விழுவதைப் பிடிக்கப் போவது போலக் காற்றில் நின்றது. அணில் ஒரு கணம் மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்து ஓடியது. அது ஓடியதும் கை மறுபடியும் மடிக்கு வந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவே இல்லை. நானும் சொல்லவில்லை. கிட்ட வந்த குருவியைத் திரும்பிப் பார்த்தால் பறந்துவிடும், அந்த மாதிரி ஒரு பயம் எனக்கு.

ஆனால் அவள் கோபம் அடங்கவில்லை. "அவுத்துடுங்க," என்றாள்.

"இப்பத்தாம்மா சரியா வேலை செய்யுது."

"விழ வெக்கிறது ஒரு வேலையா?" என்றாள். "பால் குடுக்கிற அணிலா இருந்தா?"

எனக்கு அப்போதுதான் நீ கொண்டுவந்த அணில் குட்டி நினைவுக்கு வந்தது. பால் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்ட வருஷம், சாய்ந்த மரத்துக்கு அடியில் கிடந்தது என்று பாவாடையில் சுருட்டிக் கொண்டுவந்தாயே. கண்கூடத் திறக்காத குட்டி. அம்மா பஞ்சில் பால் தொட்டுக் கொடுத்தாள். என் பழைய சட்டையின் கைக்குள் அது தூங்கியது. நான் அவசரத்தில் சட்டையை மாட்டி அது என் அக்குளில் ஓடியதும், நான் வாசலில் குதித்ததும், நீ கீழே உட்கார்ந்து சிரித்ததும் உனக்கு மறந்திருக்காது. பெரிதானதும் ஒருநாள் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. நீ அழுதாய். அம்மா அழவில்லை, ஜன்னலை மட்டும் வெகுநாள் சாத்தாமல் வைத்திருந்தாள். மழைச்சாரல் அடித்தாலும் சாத்த விடமாட்டாள். நீ பெர்த்துக்குக் கிளம்பியபோதும் அவள் அழவில்லை. உன் அறை ஜன்னல் இன்றுவரை பகலில் திறந்துதான் இருக்கிறது. இதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாட்டில்களை அவிழ்த்துவிட்டேன். கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இனி என்ன செய்வது என்று படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் முதுகுப் பக்கமிருந்து, "அந்த மொளகாச் செடிய யாரு நட்டா?" என்று கேட்டாள். வேலியோரம், டெலிபோன் கம்பிக்கு நேர் கீழே, ஒரு ஊசி மிளகாய்ச் செடி தானாக முளைத்துச் சிவக்கச் சிவக்கக் காய்த்திருக்கிறது. யாரும் நடவில்லையே என்றேன். "கம்பியில குந்தறவங்கதான் நட்டாங்க," என்றாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினாள். "கொண்டைக்குருவி அந்தப் பழத்த அப்படியே முழுங்குது. கண்ணுகூட கலங்கல. கங்காணி ஒருநாளாவது அந்தச் செடிகிட்ட போனானா? நான் இங்கதான குந்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் குழாயும் தகரமும் பாட்டிலுமாக வாசலையே பட்டறையாக்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்காததால் சொல்லவில்லையாம். குருவிக்குக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். சோற்றிலும் பப்பாளியிலும் மிளகாயைக் கலந்துவிட்டால் யாரையும் விழவைக்க வேண்டியதில்லை. பிடிக்காதவர் தானாக எழுந்து போய்விடுவார்.

மிளகாய் பறித்துவந்து சம்பல் இடிக்கும் சின்னக் கல்லுரலில் இடித்தேன். இரண்டாவது இடியிலேயே ஒரு விதை தெறித்து என் கண்ணுக்குள் போயிற்று. நான் குதித்த குதியைப் பார்த்து அம்மா, "மொளகா இடிக்கத் தெரியல, இவரு அணிலத் தடுக்கப் போறாராம்! கொண்டாங்க இங்க," என்றாள். ஒரு முக்காலியை அவள் முன் போட்டு அதன்மேல் உரலை வைத்தேன். இடது கையால் குழவியைப் பிடித்து இடித்தாள். உரல் நகர்ந்தது. மறுபடி இடித்தாள், மறுபடி நகர்ந்தது. "வந்து புடிங்க," என்றாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் எழுந்தேன். காலே எடுத்து வைத்துவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, "எனக்குக் கண்ணு எரியுதுலா, இப்ப வர முடியாது," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கண் எரிச்சல் நின்று வெகுநேரம் ஆகியும் நான் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். விரல் இடுக்கு வழியாக அவளைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குழவியை வைத்துவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கி, தூங்கும் பிள்ளையை இடம் மாற்றிக் கிடத்துவது போல, உரலைச் சுற்றி வைத்தாள். அது சும்மா கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வெயில் வந்தது, போனது. மெல்ல, ரொம்ப மெல்ல, விரல்கள் உரலின் விளிம்பில் மடிந்தன. குழவியை எடுத்து இடித்தாள். உரல் நகரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அழுததை மிளகாய்மேல் போட்டுவிட்டேன்.

மறுநாள் மறுபடியும் குழாயை நட்டு, தகரத்தைக் கோப்பைகளுக்குக் கூரையாக மேலே வைத்து, மிளகாய்ச் சோற்றையும் மிளகாய்ப் பப்பாளியையும் போட்டேன். கங்காணி வந்தது. ஒரு வாய் எடுத்தது. அப்படியே நின்றது. பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது, வாலை உதறி எங்களைக் கண்டபடி ஏசியது, பூத்தொட்டித் தட்டில் தண்ணீர் குடித்துவிட்டுக் கம்பிவழியே போய்விட்டது. எதிர்வீட்டிலிருந்து ஆ சோங் கை தட்டினார். பனி கலைவதற்குள் புறா வந்தது, மைனா வந்தது, கொண்டைக்குருவி ஜோடியாக வந்து, உறைப்பே தெரியாமல் தின்றுகொண்டிருந்தது. அம்மா ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தாள், பிறகு இன்னொரு பக்கத்து உதடும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், கங்காணி பசியோட போறான்," என்றாள். அன்றிலிருந்து பின்வாசலில் அதற்குத் தனியாக ஒரு வாழைப்பழம். காரமில்லாதது. நான் இவ்வளவு பாடுபட்டுச் செய்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அவனுக்குப் பின்வாசல், குருவிக்கு முன்வாசல். எஸ்டேட்ல நமக்குக் கிடைக்காத நியாயம்லா," என்றாள்.

இப்போது தினமும் காலையில் மிளகாய் இடிப்பது அவள் வேலை. நான் தொடக்கூடாது. முதலில் உரலைப் பிடித்த கை, இந்த வாரம் குழவியைப் பிடிக்கிறது. பலமாக இல்லை. நாலு இடி இடித்துவிட்டு ஓய்வு கேட்கும். சில நாள் ஒன்றுமே முடியாமல் மடியிலேயே கிடக்கும், அன்றைக்கு இடது கை இடிக்கும். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை. போன வாரம் கங்காணி துணிந்து இரண்டு வாய் மிளகாய்ச் சோறு தின்றதைப் பார்த்தேன். "காரத்துக்குப் பழகிடுவான் போலிருக்கே," என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் குழவியை நிறுத்தாமல், "பழகட்டும்லா. அவன் பழகறதுக்குள்ள என் கை பழகிடும்," என்றாள்.

அதனால் பாப்பா, நீ வருவதானால் வா. உன்னைப் பார்க்க எனக்குக் கசக்குமா? லீவு போட்டு வா, மாப்பிள்ளையையும் அழைத்து வா, வாசலில் நாலு நாற்காலி போட்டு உட்காரலாம். ஆனால் அம்மாவின் கைக்காக உன் வேலையை விடாதே. நீ வந்தால் உன் கை அவள் கையின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் பேசும்போது "கை எப்படி இருக்கும்மா" என்று கேட்காதே. கேட்டால் கை சேலைக்குள் போய்விடும். "கொண்டைக்குருவி வந்துச்சா? கங்காணி என்ன சொல்றான்?" என்று கேள். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். அப்போது நீயே பார்த்துக்கொள். பார்த்ததாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

நான் எழுதுவதை அவள் இவ்வளவு நேரமும் மிளகாய் இடித்துக்கொண்டே பார்த்திருந்தாள். "என்னப் பத்தி என்ன எழுதுறீங்க?" என்றாள். அவளுக்குத் தெரியக்கூடாத இடங்களை மட்டும் தாண்டிவிட்டுப் படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாயிற்று, அவள் பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்பா சொன்னா அவ நம்பமாட்டா," என்றாள். உரலைத் தள்ளிவிட்டு, "கொடுங்க," என்று தாளை வாங்கி மடியில் வைத்தாள். நான் பக்கத்தில் போகவில்லை. இடது கை தாளைப் பிடித்துக்கொள்ள, வலது கை தானாக எழுந்து வந்து, கடைசி வரிக்குக் கீழே அழுத்தியது. சிவப்பாகக் கோணலாகத் தெரிவது உன் அம்மாவின் வலது பெருவிரல். தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்காதே, ஊசி மிளகாய். என்னிடம் திருப்பித் தருவதற்குமுன் அவளே அதை வாயருகே பிடித்து ஊதிக் காயவைத்தாள், நீ செய்வாயே, அப்படி. அடுத்த ஞாயிறு நான் எழுதப்போகும் தாளில் கீழே இன்னும் அகலமாக இடம் விடச் சொல்கிறாள். ஐந்து விரலையும் வைக்கப்போகிறாளாம்.

உன் அப்பா